அட்டைப்பெட்டிக்குள் ஒரு காலேஜ் ஃபீஸ்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதச் சனிக்கிழமை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோவதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நியூ ஜெர்சியில் காலமெல்லாம் பனி அள்ளியவர்களில் பாதிப்பேர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு மேஜைகளில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். நான் புல்வெட்டும் மெஷின் பார்க்கத்தான் போனேன். என் பையன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது, மேஜைக்கு அடியில் இருந்த இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டான்.

உள்ளே பேஸ்பால் கார்டுகள், அதாவது வீரர்களின் படம் போட்ட அட்டைகள். பெரும்பாலும் பிரிக்காத பாக்கெட்டுகள். டாப்ஸ் 1988, டான்ரஸ் 1988, ஃப்ளீர் 1989, மறுபடி டாப்ஸ் 1990 என்று கம்பெனியின் பெயரும் வருடமும். கடையிலிருந்து வாங்கிவந்த பெட்டி அப்படியே, ஒரு பெட்டிக்கு 36 பாக்கெட்.

"அது என் பையனோட காலேஜ் ஃபீஸ்" என்றார் பெரியவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நாற்பது டாலர் குடுத்துட்டு ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. லாரியில ஏத்தினா அதுக்கு மேல செலவாகும்."

வாங்கி வந்தேன். "மெஷின் எங்கே?" என்று வீட்டில் கேட்டாள். அதற்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

எனக்கு பேஸ்பால் தெரியாது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது எனக்குப் பாதியில் நின்றுபோன கிரிக்கெட் மாதிரிதான் தெரியும். ஆனால் அட்டை தெரியும். மதுரையில் எங்கள் தெருவில் பையன்கள் சிகரெட் அட்டை பொறுக்குவோம். காலி சிகரெட் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்து, வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, தூரத்திலிருந்து கல்லெறிந்து வெளியே தள்ளும் விளையாட்டு. ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு மதிப்பு. சார்மினாருக்கு 5, சிசர்ஸுக்கு 10, கோல்டு ஃப்ளேக்குக்கு 50. எப்போதாவது யாரோ ஒருவருடைய சிங்கப்பூர் மாமா போட்டுவிட்டுப் போகும் 555 கிடைத்தால் அதற்கு 1000. யார் இந்த விலையை நிர்ணயித்தது என்று ஒருவனும் கேட்டதில்லை. டீக்கடை வாசலில் குனிந்தாலே சார்மினார் கிடைக்கும், அதனால் அது 5. பொருளாதாரத்தில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். அதை மறந்துவிட்டு நாற்பது டாலர் கொடுத்ததுதான் தமாஷ்.

அடுத்த வாரமே ஒரு கார்டு கடைக்குப் பெட்டியோடு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து, மேலே இருந்த பெட்டியின் வருடத்தைப் பார்த்துவிட்டு, மென்மையாக மூடினார். டாக்டர்கள் சில ரிப்போர்ட்டை மூடுவார்களே, அந்த மாதிரி. "வாரத்துக்கு நாலு பேர் இதைக் கொண்டு வர்றாங்க" என்றார். கடைக்குப் பின்னால் ஒரு அறை முழுக்க இதே வருடப் பெட்டிகள் கூரை வரை நின்றன. வந்த வழியே திரும்பினோம். ஆனால் அன்று முதல் எனக்கு இந்த விஷயம் பிடித்துக்கொண்டது.

பேஸ்பால் கார்டு வளர்ந்ததே சிகரெட் பெட்டியில்தான் என்பது எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம். 1800-களின் கடைசியில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். அட்டை சும்மா இருப்பானேன் என்று அதில் நடிகை, படைவீரன், விளையாட்டு வீரன் என்று படம் போட்டார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசைக்கு டி206 என்று பெயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை, வண்ணத்தில் அச்சிட்ட முகம், பின்னால் பீட்மான்ட், ஸ்வீட் கேப்பொரல் என்று ஏதாவது ஒரு சிகரெட்டின் விளம்பரம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கார்டுகள் உள்ள அந்த வரிசையில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் கார்டுதான் இந்த உலகத்தின் 555.

வாக்னர் தன் படத்தை அச்சிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். சிறுவர்கள் படத்துக்காக சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. கம்பெனி பணம் தரவில்லை, அதனால்தான் என்பது இன்னொன்று. அவரே புகையிலை மெல்லுகிறவர், முன்பு சுருட்டு விளம்பரத்துக்கும் பெயர் கொடுத்தவர் என்பதால் முதல் கதையை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. எனக்கு அது நிஜமாக இருக்கவேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். எப்படியோ அச்சு நின்றது. அதற்குள் வெளியே போனவற்றில் இன்று கைவசம் இருப்பதாகத் தெரிவது சுமார் 60.

அந்த அறுபதில் ஒன்றின் பயணத்தை மட்டும் சொல்கிறேன். 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்கிற வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1987-ல் 1,10,000-க்கு விற்றார். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, கூட ஒருவரோடு சேர்ந்து 4,51,000-க்கு வாங்கினார். 1996-ல் வால்மார்ட் அதைக் குலுக்கல் பரிசாகக் கொடுத்தது. ஃப்ளோரிடாவில் தபால் துறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு விழுந்தது. பரிசுக்கு வருமான வரி கட்ட வழியில்லாமல் அவர் அதை ஏலத்துக்கு அனுப்பினார். பிறகு கை மாறிக் கை மாறி, 2007-ல் 28 லட்சம் டாலர். கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலில் மதிப்பிட்ட கார்டே இதுதான். மதிப்பெண் 8. நூறு வருடத்துக்கு முந்தைய சிகரெட் அட்டைக்கு எட்டு கிடைப்பது, எண்பது வயதுக்காரர் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பது மாதிரி.

சூட்சுமம் 2013-ல் வெளியே வந்தது. வேறொரு ஏல மோசடி வழக்கில் மாட்டிய மாஸ்ட்ரோ, அந்தக் கார்டின் ஓரங்களைத் தானே வெட்டி நேராக்கியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூலைகள் அவ்வளவு கூர்மையாக இருந்ததற்குக் காரணம் வெட்டிய பிளேடு. 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறை. வெட்டாத, கசங்கிய வாக்னர்கள் அதற்குப் பிறகு இதையெல்லாம் தாண்டிப் போயின. 2021-ல் ஒன்று 66 லட்சம் டாலருக்கு, 2022-ல் இன்னொன்று 72.5 லட்சத்துக்கு.

வாக்னர் அரிதானதற்கு வாக்னர் காரணம். ஆனால் பெரும்பாலான பழைய கார்டுகள் அரிதானது யாரும் அவற்றை மதிக்காததால்தான். 1952 டாப்ஸ் வரிசையைச் சொல்லவேண்டும். புரூக்ளினில் பபுள்கம் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. சை பெர்கர் என்ற இளைஞர் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தக் கார்டை வடிவமைத்தார். முன்னால் படம், அணிச் சின்னம், கையெழுத்து. பின்னால் வீரரின் போன வருடக் கணக்கும் ஆயுள் கணக்கும். இன்றுவரை பேஸ்பால் கார்டு என்றால் அந்த அமைப்புதான். 407 கார்டுகள். கடைசித் தொகுதி கடைக்குப் போனபோது ஆட்ட சீசன் முடிகிற நேரம். பையன்களின் கவனம் ஃபுட்பாலுக்குப் போய்விட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கில் எட்டு வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. பெர்கர் பாதி விலைக்கு, கால் விலைக்குக் கூவிப் பார்த்தார். கடைசியில் 1960-ல் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரு படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக்கில் கொட்டினார்.

அந்தக் கடைசித் தொகுதியின் முதல் கார்டு, எண் 311, நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில்.

மீதி வேலையை அம்மாக்கள் பார்த்துக்கொண்டார்கள். மகன் காலேஜுக்கோ ராணுவத்துக்கோ போனதும் அறையை ஒழித்து, கட்டிலுக்கு அடியில் இருந்த ஷூ பெட்டியைக் குப்பையில் போட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய எந்த அமெரிக்கரிடம் பேச்சுக் கொடுத்தாலும் "எங்கம்மா மட்டும் அதைத் தூக்கிப் போடாம இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்கள். எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என்று பார்த்தால் அத்தனை பேரிடமும் மேன்டில் இருந்ததாகத்தான் கணக்கு வருகிறது! ஆனால் அவர்கள் அம்மாக்கள் எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் மேன்டில் இன்று சார்மினார். 2022 ஆகஸ்டில் ஒரே ஒரு 311 ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. விற்றவர் அதை 1991-ல் வாங்கிய விலை 50,000.

1970-களின் இறுதியில் அந்த ஷூ பெட்டிப் பையன்கள் வளர்ந்து, கையில் காசு வந்து, தொலைந்த பால்யத்தைத் திருப்பி வாங்கக் கிளம்பினார்கள். விலை ஏறியது. ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் விலைப்பட்டியல் போட ஆரம்பித்தார். 1984-லிருந்து அது மாதப் பத்திரிகையாகவே வந்தது. பக்கத்தில் ஏறுமுக அம்பு, இறங்குமுக அம்பு. பங்குச் சந்தைப் பக்கம் மாதிரியே. பத்து வயதுப் பையன் கார்டை வாங்கியதும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தான். அதுவரை டாப்ஸ் ஒன்றுதான் ராஜா. அந்த ஏகபோகத்துக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1981-ல் ஃப்ளீரும் டான்ரஸும் வந்தன, 1988-ல் ஸ்கோர், 1989-ல் அப்பர் டெக். எல்லாக் கம்பெனியும் அச்சடித்துத் தள்ளின. எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் இரண்டு பையன்கள் வாங்கிய இடத்தில், இப்போது சம்பளக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பிரிக்கவில்லை. தொடவில்லை. அலமாரியின் மேல்தட்டில், ஈரம் படாமல், இருபது வருடம் கழித்துப் பிறக்கப்போகும் லாபத்துக்காக.

எல்லோரும் அதையே செய்தார்கள். ஒரு அம்மாவும் தூக்கிப் போடவில்லை. ஜங்க் வேக்ஸ் என்று அந்தக் காலத்துக்குப் பெயர். பாக்கெட் சுற்றிய மெழுகுத்தாள்தான் வேக்ஸ். முதல் வார்த்தைக்கு விளக்கம் வேண்டாம். 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸே அந்த வருடம் ரத்தானபோது வாங்குபவர்கள் கூட்டமும் கலைந்தது. அந்தக் காலத்துப் பொதுவான கார்டுகளில் விலை இழக்காமல் தப்பிப் பிழைத்தவை மிகக் கொஞ்சம். அப்பர் டெக் 1989-ன் முதல் கார்டான கென் கிரிஃபி ஜூனியர் ஒன்று. சொல்லத் தேவையில்லை, பெரியவர் அந்தக் கம்பெனிப் பக்கமே போகவில்லை. ஒரு பாக்கெட் ஒரு டாலரா என்று விட்டுவிட்டாராம்.

நாங்கள் பாக்கெட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தோம். வேறென்ன செய்வது? வெள்ளிக்கிழமை இரவு ஆளுக்கு ஐந்து என்று ரேஷன். 1988 டாப்ஸ் பாக்கெட்டின் மெழுகுத்தாள் இன்னும் மொடமொடவென்று இருந்தது. உள்ளே 15 கார்டு, கூடவே இளஞ்சிவப்பில் ஒரு பபுள்கம் பட்டை. 30 வருடத்துக்கு மேல் ஆன கம். கையில் எடுத்ததும் சிலேட்டுக்குச்சி மாதிரி இரண்டாக ஒடிந்தது. நாக்கில் வைத்துப் பார்க்காதே என்று பையனிடம் சொல்லிவிட்டு நானே வைத்துப் பார்த்தேன். ஒரு நொடி சர்க்கரை, பிறகு சுண்ணாம்பு. கம்மை ஒட்டியிருந்த கடைசிக் கார்டில் செவ்வக வடிவத்தில் பழுப்பாக எண்ணெய்க் கறை. பாக்கெட்டுக்கு ஒன்று வீதம் அப்படிக் கெட்டிருந்தது. கறையால் சேகரிப்பாளர்கள் புலம்பிப் புலம்பி, 1992-லிருந்து டாப்ஸ் கம் வைப்பதையே நிறுத்திவிட்டது. மிட்டாய்க்கு இலவசமாக வந்த அட்டைக்கு இடைஞ்சல் என்று மிட்டாயையே துரத்திவிட்டார்கள்.

ஃப்ளீர் பாக்கெட்டுகளை மட்டும் நான் முதலில் தனியாகப் பார்த்து வைத்தேன். பில்லி ரிப்கன் என்பவரின் மட்டை முனையில் ஒரு கெட்டவார்த்தை எழுதியிருக்க, கவனிக்காமல் அப்படியே அச்சிட்டுவிட்ட வருடம் அது. பிறகு கறுப்புக் கட்டம் போட்டும், வெள்ளை பூசியும் சமாளித்தார்கள். அதனாலேயே அதற்கு இன்றும் கிராக்கி. எங்களுக்குக் கிடைத்தது கறுப்புக் கட்டம். "இதுக்கு அடியில என்னப்பா இருக்கு?" என்று பையன் கேட்டான். கம்பெனிப் பெயர் என்றேன்.

இரண்டாவது பெட்டியின் அடியில் ஒரு தனிக் கார்டு இருந்தது. 1985 டாப்ஸ், மார்க் மெக்வயர், அமெரிக்க ஒலிம்பிக் அணிச் சீருடையில். அதைக் கனமான இரண்டு பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவில் வைத்து, நான்கு மூலையிலும் திருகு போட்டு முடுக்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை நடுங்கியது. மெக்வயர் 1998-ல் ஒரே சீசனில் 70 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்து முப்பத்தேழு வருடச் சாதனையை உடைத்தவர். அந்தக் கோடையில் இந்த அட்டைக்குப் பெரும் போட்டி. ஆனால் 2010-ல் ஸ்டீராய்டு எடுத்ததாக அவரே சொன்னார். அட்டையில் ஒரு புள்ளி மாறவில்லை, விலை மட்டும் சரிந்தது. இருந்தாலும் நல்ல மதிப்பெண் கிடைத்தால் வாங்க ஆளுண்டு என்று கேள்விப்பட்டு, மதிப்பிடும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். மதிப்பெண்ணைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் இதுதான்: நான்கு மூலை, நான்கு விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா. லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்கு ஒன்பது என்று பட்டது.

மூன்று மாதம் கழித்து மதிப்பெண் இல்லாமலேயே திரும்பி வந்தது. திருகை அளவுக்கு மீறி முடுக்கியதால் அட்டை நசுங்கி, மெலிந்து, மூலைகள் லேசாக விரிந்துவிட்டன. அப்படிப்பட்டதை மாற்றம் செய்யப்பட்ட கார்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். 1990-ல் கிடைத்ததிலேயே விலையுயர்ந்த கவசம் அந்தத் திருகுப் பலகை. அனுப்பும் கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துப் பெட்டி வாங்கிய நாற்பதைத் தாண்டிவிட்டது. தவறு என்னுடையதுதான், கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இப்போதைய நிலவரம் வேறு கதை. கொரோனாவில் வீட்டில் அடைபட்டவர்கள் எல்லோரும் பரண் ஏறியதில் மறுபடி தீப்பிடித்தது. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ., குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் புதிதாக வாங்குவதைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாகன நிறுத்தத்தில் கார்டுக்காக அடிதடியாகி, ஒருவர் துப்பாக்கியை எடுக்க, டார்கெட் கொஞ்ச காலம் கடைகளில் கார்டு விற்பதையே விட்டது. கம்பெனிகளும் பழைய பாடத்தை வேறு மாதிரி படித்துவிட்டன. கடலில் கொட்டவோ அம்மாக்களை நம்பவோ தேவையில்லை, அரிதாகவே அச்சடித்தால் போயிற்று. ஒரு கார்டில் ஒரே ஒரு பிரதி. மைக் டிரவுட் என்ற வீரரின் 2009 கார்டு ஒன்று, ஒரே பிரதி, 2018-ல் நான்கு லட்சம் டாலருக்கு விலைபோய், 2020-ல் 39 லட்சத்துக்கு விற்றது. பால் ஸ்கீன்ஸ் என்ற இளம் பந்துவீச்சாளர் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் பட்டையைத் தைத்த கார்டு, பதினொரு வயதுப் பையன் ஒருவனுக்குக் கிறிஸ்துமஸ் பாக்கெட்டில் கிடைத்து, 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்குப் போனது. லாட்டரிச் சீட்டுக்கு முகம் வைத்து விற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். என் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

எனக்குப் பிடித்த ஆள் ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்தில் தொழிற்சாலை வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடுமையான மூட்டுவாதம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளைச் சேர்த்தார், அதில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானவை பேஸ்பால் கார்டுகள். டி206 என்ற எண்ணே அவர் போட்ட பட்டியலில் வந்ததுதான். அத்தனையையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்து, வருடக்கணக்கில் அங்கே போய் உட்கார்ந்து, வளையாத விரல்களால் ஆல்பங்களில் பசை தடவி ஒட்டினார். பசை! இன்றைய சேகரிப்பாளர் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். வாக்னரும் அந்த ஆல்பத்தில் பசையோடுதான் இருக்கிறார்.

பெட்டிகளில் இப்போது ஏழெட்டு பாக்கெட்தான் மிச்சம். போன நவம்பரில் டான்ரஸ் பெட்டி ஒன்றின் அடியில் ஏற்கனவே பிரித்த பாக்கெட் ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு கார்டில் வீரரின் பெயரை நீலப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே கோணல்மாணலாக வேறொரு பெயர். பின்பக்கம், 1987-ம் வருட வரிக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் 1988 என்று போட்டு, ஒரு வரிக் கணக்கு: ஆட்டம் 11, ஹோம் ரன் 2. அந்தப் பெயரின் கடைசிப் பாதி எங்கள் பெரியவருடையது.

ஃப்ளோரிடாவுக்கு ஃபோன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஒரு பாக்கெட்டைக் காணோம்னு அன்னிக்கு அவனைச் சத்தம் போட்டேன்" என்றார். "அதைத் திரும்ப எங்க ஒளிச்சு வெச்சான்னு எனக்குத் தெரியாது. ஏழு வயசு. என்ன விலை சொல்றீங்க?"

கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, டேப் ஒட்டி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து படம் அனுப்பியிருந்தார். உறையிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜ் கதவில், மளிகைச் சீட்டுக்கும் மருந்துக்கடை ரசீதுக்கும் நடுவில் ஒரு ஆரஞ்சுப்பழக் காந்தத்தால் குத்தி வைத்திருந்தார். பையன் என் தோளுக்கு மேலிருந்து எட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மேல் மூலை மடங்கிடுச்சுப்பா" என்றான்.